ஞானம்மா சிஸ்டரின் கம்பளி வைத்தியம்

முழங்கால் வலி என்று, நான் இத்தனை காலம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே நோயாளியாகப் போனேன். பிசியோதெரபி பிரிவில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். கரமனைக்காரி. வீட்டில் தமிழ்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி மலையாளம். வெந்நீர் நிரம்பிய ஒரு ஸ்டீல் தொட்டியிலிருந்து கனமான பை ஒன்றை இடுக்கியால் எடுத்து, டவலில் சுற்றி, என் காலில் வைத்தாள். சூடு உள்ளே இறங்கியதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அய்யோ ஆன்ட்டி! பொள்ளுதா? சுடுதா? எடுத்துரட்டா?"

"பொள்ளல மோளே. பழைய ஞாபகம். நாங்க இந்தச் சூட்டைக் கம்பளியில வைப்போம். போலியோ பிள்ளைகளுக்கு."

"போலியோவா! நான் புஸ்தகத்துலதான் கண்டிருக்கேன்" என்றவள், கொஞ்சம் யோசித்து, "இல்ல, ஒரு சேச்சி வராங்க. செவ்வாய்க்கிழமை. அவங்க ஒருத்தர்தான். கம்பளியில எப்படி ஆன்ட்டி? எழுதித் தாங்களேன், எங்க ஆஸ்பத்திரி ஆண்டு மலர்ல போடலாம்" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றேன். "அதுக்கெந்தா? அதனால என்ன?" என்று சிரித்தாள்.

அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாகப் போகிறது. செத்துப்போனவர்களைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டால் யார் வந்து திருத்துவது? எதற்கும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. வேலைக்குப் போன காலத்தில், ஸ்டவ்வை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் கரமனைப் பாலம் வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் அணைந்துதான் இருக்கும். மறுநாளும் ஓடுவேன். ஆனால் அந்தப் பயம்தான் என்னை ஞானம்மா சிஸ்டரிடம் கொண்டு சேர்த்தது. ஆகவே அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். பிழைக்க வந்த குடும்பம். அவர் தவறிப்போனதும் படிப்பு நின்றது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஆஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். தரை துடைக்கவும், பெட்பேன் எடுக்கவும், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கட்டில் விரிப்பு மாற்றவும் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

குழந்தைகள் வார்டின் கடைசியில் போலியோ பிரிவு. இன்று சொட்டு மருந்து வாயில் விழுந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிற தாய்மார்களுக்கு அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் கொண்டுவருவார்கள். பிறகு ஒருநாள் காலையில் எழும்பும்போது கால் வராது. தொட்டால் அலறும். போர்வை பட்டால்கூட அலறும். எங்கள் ஆஸ்பத்திரியில் அன்றைய முறை, கால் கோணிப் போகாமலிருக்க மாவுக்கட்டு அச்சில் வைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் மணல்மூட்டை போட்டு, அசையாமல் கிடத்துவது. கட்டிப் போட்ட கன்றுக்குட்டி மாதிரி தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பிள்ளைகள். பலபேருக்குக் கால் கோணாது, உண்மைதான். சூம்பிப் போகும்.

ஞானம்மா சிஸ்டர் மார்த்தாண்டத்துக்காரர். எங்கள் வார்டுக்கு ஹெட் நர்ஸாக வந்தார். கறுத்து, ஒல்லியாக, எப்போதும் வெள்ளைச் சேலையின் கரை ஈரமாக இருக்கும், தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு. மற்றவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். இவர் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, பிள்ளையின் பாதம் தன் கண்ணுக்கு நேராக வரும்படி வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார். சத்தம் போட்டுத் திட்டமாட்டார். கோபம் வந்தால் "வாங்க, பெரிய மனுஷி" என்பார். அது போதும், உயிர் போய்விடும்.

வந்த சில நாட்களிலேயே பெரிய டாக்டரிடம் போய் நின்றார். நான் தேநீர்க் கோப்பை எடுக்கப் போனவள், ஓரமாக நின்று கேட்டேன்.

"டாக்டரே, இந்தக் காலுக தளர்ந்து கெடக்கல. இறுக்கிப் பிடிச்சுக் கெடக்கு. கொரக்களி பிடிச்ச காலை யாராவது கட்டிப் போடுவாங்களா? முதல்ல அந்தப் பிடியை விடுவிக்கணும்."

பெரிய டாக்டர் கெட்டவரில்லை. பொறுமையாகக் கேட்டார். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மாவுக்கட்டைப் பேனாவால் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறவர். ஒரு கட்டு விரிந்திருந்தாலும் நின்றுவிடுவார். "சிஸ்டரே, கட்டாமல் விட்ட கால்கள் வளைந்து போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்" என்று மலையாளத்தில் சொன்னார். "உங்களுக்குத் தைரியம் இருக்கிறது. எனக்குப் பயம் இருக்கிறது."

எனக்கு அவர் மேல் அன்றைக்கே ஒரு பிரியம் வந்தது. பயத்தை வெளியே சொல்கிற டாக்டரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடல் கடந்த தேசத்தில் ஒரு நர்ஸ் வெந்நீர்க் கம்பளியும் விரல் நுனியுமாக இப்படிச் செய்தாராம், அங்கேயும் டாக்டர்கள் முதலில் சிரித்தார்களாம் என்று சிஸ்டர் எங்கோ படித்திருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அதைச் செய்தவர் யாருமில்லை. கடைசியில் பெரிய டாக்டர் சம்மதித்து, ஜன்னலோரம் இரண்டு கட்டில்கள் கிடைத்தன. ஒரு பிள்ளையாவது நடந்து காட்டினால் வார்டு முழுவதும் செய்யலாம், இல்லையென்றால் பழையபடி அச்சுக்கட்டு. அதுதான் பேச்சு.

உதவிக்கு ஆள் கேட்டபோது, கெட்டிக்காரிகள் நாலு பேர் முன்னால் நின்றார்கள். சிஸ்டர் பின்னால் நின்ற என்னைக் காட்டினார். "அவ போதும். பயப்படுதவ கை பிள்ளையைப் பொள்ள வைக்காது."

இனி கம்பளி. இந்த ஊரில் கம்பளிக்கு எங்கே போவது? வியர்த்துக் கொட்டுகிற ஊர். ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய கம்பளங்களைக் கேட்டு வாங்கி வந்தோம். கறுப்பும் சாம்பலுமாக, முள் முள்ளாகக் குத்தும். அதைத் துண்டு துண்டாக வெட்டினோம். தொடைக்கு ஒரு மாதிரி, கெண்டைச் சதைக்கு ஒரு மாதிரி, முதுகுக்கு ஒரு மாதிரி. பருத்தித் துணி ஏன் கூடாது என்று கேட்டேன். "பருத்தி தண்ணியை வச்சுக்கிடும். சொட்டும். சொட்டுனா தோலு போகும். கம்பளியை முறுக்கினா தண்ணி போயிரும், சூடு நிக்கும்."

கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கம்பால் எடுத்து, பெரிய முரட்டுத் துணிக்குள் வைத்து, அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக எதிரெதிராக முறுக்குவோம். முறுக்கியதை ஒரு உதறு உதறி, மறுபடியும் முறுக்குவோம். ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. நான் என் முன்கையில் வைத்துப் பார்ப்பேன், சந்தேகம் தீராமல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், சிஸ்டர் "ஆறிப் போச்சு பெரிய மனுஷி, மறுபடி போடு" என்பார். சதை மேல் மட்டும்தான் வைக்க வேண்டும். முட்டு, கணுக்கால் எல்லாம் திறந்தே இருக்கும். மேலே தண்ணீர் புகாத ஆயில் துணி, அதற்கு மேல் உலர்ந்த கம்பளம். ஆறினால் அடுத்தது. வார்டு முழுவதும் நனைந்த ஆட்டு வாடை. மற்ற அட்டெண்டர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "முத்தம்மா, இன்னைக்கு பிரியாணி எப்போ ரெடி?" என்று கேட்பார்கள்.

சிரித்தவர்கள் ஒரு விஷயத்தில் வாயடைத்துப் போனார்கள். இரவும் பகலும் அலறிக்கொண்டிருந்த பிள்ளை, இரண்டாவது மூன்றாவது கம்பளி மாறும்போது உறங்கிவிடும்.

"சிஸ்டரே, அப்போ கால் சரியாயிருமா?" என்று நான் ஆசையாகக் கேட்டேன்.

"வலி போகும். இறுக்கம் போகும். செத்த நரம்பைக் கம்பளி எழுப்பாது, கேட்டியா? உறங்குத சதை ஏதாவது இருந்தா விளிச்சுப் பாக்கலாம். அவ்வளவுதான்."

விளிப்பது, அதாவது கூப்பிட்டு எழுப்புவது, இப்படித்தான். வலி அடங்கிய பிறகு, ஒரு கையால் பிள்ளையின் காலைத் தாங்கிக்கொண்டு, சதை எலும்பில் போய்ப் பிடிக்கிற இடத்தில் ஒரு விரல் நுனியை வைப்பார். "மக்களே, நீ தூக்காண்டாம். நான் தூக்குதேன். நீ இந்த இடத்தை நினைச்சா போதும். மனச இங்க கொண்டு வா." பிள்ளை கண்ணை மூடி நினைக்கும். சிஸ்டரும் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. பிறகு பிள்ளை கேட்கும், "அசைஞ்சுதா?" அசையவில்லை என்றால் "இல்ல மக்களே, அசையல" என்றுதான் சொல்வார். ஒருநாள் ஒரு பிள்ளையின் முகம் வாடிவிடுமே என்று நான் முந்திக்கொண்டு "லேசா அசைஞ்சுது" என்றேன். சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வாங்க, பெரிய மனுஷி. பொய் சொன்னா அது உன் பேச்சை நம்பிக்கிட்டுத் தப்பான சதையைப் பிடிச்சுக்கிடும். அப்புறம் சரியானத எந்தக் காலத்துல விளிக்க?"

செல்வி வந்தது மழை முடிந்த சமயம். ஐந்து வயது இருக்கும். அப்பன் ராசுவும் ஆத்தாள் பேச்சியும் வள்ளியூர்ப் பக்கம். விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கல் போட்டுக்கொண்டிருந்த காலம் அது, அங்கே கூலி வேலை. இடது கால். நாங்கள் கம்பளி வைத்தோம். மூன்றாம் நாள் உறங்கினாள், பிறகு சிரித்தாள், பிறகு வார்டையே ஆட்டிப் படைத்தாள். "முத்தக்கா, ஆட்டு நாத்தம் வருது, உங்க மேலயா எங்கால் மேலயா?" என்பாள்.

கணுக்கால் திரும்பி வந்தது. பின்தொடை வந்தது. முன்தொடைச் சதை, முழங்காலை நிமிர்த்திப் பிடிக்கிற அந்தச் சதை மட்டும் வரவேயில்லை. சிஸ்டர் தினமும் முட்டிச் சில்லுக்குக் கீழே விரலை வைப்பார். "அசையல மக்களே." நாட்கள் போயின. ஒருநாள் சிஸ்டர் விரலை எடுக்காமல் வெகுநேரம் இருந்தார். பிறகு என்னிடம், "என்னமோ ஒரு துடிப்பு மாதிரி. என் விரலோட நாடியாகவும் இருக்கலாம்" என்றார். அதைச் செல்வியிடம் சொல்லவில்லை. அந்தச் சதை எழும்புகிறவரை அவளை நிற்க வைக்கக்கூடாது என்று மட்டும் பேச்சியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பேச்சிக்கு அது பொறுக்கவில்லை. என்னிடம் வந்து சொல்வாள்: "யக்கா, படுத்தே கெடந்தா காலு நடையை மறந்துரும்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. எந்திச்சு நிக்க வேண்டாம்னு சொல்லுத ஆசுபத்திரி எங்கயாவது உண்டா?" நானும் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லிப் பார்த்தேன். சிஸ்டரிடமும் சொன்னேன். அவர் பேச்சியை உட்கார வைத்து மறுபடியும் விளக்கினார். பேச்சி தலையைத் தலையை ஆட்டினாள். ராசு பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தான், பிள்ளை நடந்தால் அவள் கையாலேயே தேங்காய் உடைப்பது என்று. மத்தியானம் சிஸ்டர் சாப்பிடப் போகும் நேரம், நான் கம்பளி அலசப் போகும் நேரம், பேச்சி மகளைக் கட்டில் கம்பியைப் பிடிக்க வைத்து நிற்கப் பழக்கியிருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளை, அவ்வளவு பேசுகிற பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்த ஒரு காலையில், பேச்சி மகளைக் கட்டிலிலிருந்து இறக்கி விட்டாள். "போடி, டாக்டரய்யாகிட்ட போ!"

செல்வி நடந்தாள். கட்டிலிலிருந்து டாக்டரின் கால்சட்டை வரைக்கும் போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வார்டே கை தட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் தட்டினார்கள். பெரிய டாக்டர் குனிந்து செல்வியின் தலையில் கை வைத்து, அப்படியே நிமிர்ந்து, "சிஸ்டரே, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். வார்டு முழுக்கச் செய்யலாம்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. ஜன்னலோரக் கட்டில்கள் மட்டுமல்ல, எல்லாக் கட்டில்களிலும் மணல்மூட்டை இல்லாமல் பிள்ளைகள் கிடப்பது போல் கண்ணில் ஓடியது.

சிஸ்டர் கை தட்டவில்லை. வழக்கம்போல மண்டியிட்டார். "இன்னொரு தடவை நட மக்களே" என்றார். செல்வி பெருமையாக நடந்தாள். நானும் அப்போதுதான் காலைப் பார்த்தேன். இடுப்பைத் தூக்கிக் காலை முன்னால் எறிகிறாள். ஊன்றும்போது முட்டு பின்பக்கமாக வளைந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்கிறது. ஊன்றுகோல் மாதிரி அதன் மேல் ஏறிக் கடந்து போகிறாள்.

"டாக்டரே, இது நடை இல்ல" என்றார் சிஸ்டர்.

யாருக்கும் புரியவில்லை.

"முன்தொடை எழும்பவே இல்ல. இடுப்பு வேலை செய்யுது, முட்டு பின்னால பூட்டுது. இப்படியே விட்டா அந்தச் சதைக்கு இனி வேலையே இருக்காது. முட்டு ஒருநாள் போயிரும். இவளைத் திரும்பப் படுக்க வைக்கணும். எனக்குக் கொஞ்ச காலம் வேணும்."

"நடக்குத பிள்ளையவா?" பேச்சியின் குரல் கீச்சிட்டது. "நடக்குத பிள்ளையப் படுக்கப் போடுவியளா? நீங்க பெத்திருந்தா தெரியும்!"

சிஸ்டருக்குக் கல்யாணமாகவில்லை. அவர் பேச்சியைப் பார்த்தார்.

பெரிய டாக்டர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். "சிஸ்டரே, நடக்கிறாள் என்று நான் மேலிடத்துக்கு எழுதுகிறேன். நீங்கள் பேசாமல் இருந்தால் போதும். மற்றப் பிள்ளைகளை நினையுங்கள்" என்றார். இது என் காதில் விழுந்தது. நானும் மனசுக்குள் கெஞ்சினேன், பேசாமல் இருங்கள் சிஸ்டரே என்று.

"எழுதினா, வார்டு முழுக்க இந்த நடையைத்தான் பழக்குவாங்க டாக்டரே. கம்பளி வச்சா இப்படி நடக்கும்னு. அது பொய்" என்றார் சிஸ்டர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடக்கிற பிள்ளையை நடக்கவில்லை என்று நீங்களே சொன்னால், நான் எதைக் காட்டி வார்டு முழுவதற்கும் அனுமதி கேட்பது?"

அன்று மத்தியானமே ராசு வந்து மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னான். செல்வி தோளிலிருந்து எங்களுக்குக் கை ஆட்டினாள். சிஸ்டர் வாசல் வரை போய், "முட்டு பின்னால போகாம பாத்துக்கிடுங்க, அடுத்த மாசம் கொண்டு வாங்க" என்றார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வலிக்குக் கம்பளி வைக்கலாம் என்ற அனுமதி மிஞ்சியது, அதுவும் முதல் சில நாட்களுக்கு மட்டும். அதன் பிறகு அச்சுக்கட்டு. விரல் நுனி வைத்தியம் அதோடு முடிந்தது. சிஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். நான் அங்கேயே இருந்தேன். கம்பளியை முறுக்க எதிர்முனையில் வேறு வேறு ஆட்கள் வந்தார்கள், யாரும் இரண்டாவது முறை முறுக்கமாட்டார்கள். நான் பயந்து பயந்து மறுபடி முறுக்குவேன்.

சிஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை மார்த்தாண்டத்தில் போய்ப் பார்த்தேன். உடம்பு தளர்ந்து போயிருந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனதைக் கேட்டேவிட்டேன். "செல்வியோட அந்தச் சதை எழும்பியிருக்குமா சிஸ்டரே?"

"தெரியாது பிள்ளே" என்றார். "அந்தத் துடிப்பு அவளோடதா, என் விரலோடதா? அதுதான் எனக்கு இப்பவும் தெரியாது."

அடுத்த மழைக்கு அவர் போய்விட்டார். அந்தக் கேள்வி எனக்கு வந்து சேர்ந்தது. ஸ்டவ்வையாவது திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்குப் போனேன். அந்தப் பெண் சொன்ன சேச்சி யாராக இருக்கும் என்று வழியெல்லாம் படபடப்பு. போலியோ வந்தவர்கள் எத்தனையோ பேர், யாராகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ஒரு பெண் வந்தாள். நரைத்த தலை, கையில் குடை. முகம் தெரிவதற்கு முன்பே இடுப்பு தெரிந்தது. இடுப்பைத் தூக்கிக் காலை எறிந்து, முட்டைப் பின்னால் பூட்டி, ஒரு கையால் தொடையை அமுக்கிக்கொண்டு வந்தாள்.

"செல்வி" என்றேன். கேள்வியாகக்கூட வரவில்லை.

அவளுக்கு என் முகம் ஞாபகமில்லை. பேர் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன். கம்பளி என்றதும் சட்டென்று மூக்கைச் சுருக்கினாள். "ஆட்டு நாத்தம்! முத்தக்கா!"

பேசினோம். அம்மை அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விழிஞ்ஞத்தில் புது துறைமுக வேலை நடக்கிற பக்கம் மகன் வேலை பார்க்கிறான், அவனோடு வந்து இருக்கிறாள். அதற்கு முன் ஊரில் தையல் கடை. வலது காலால் மிதித்தே காலம் தள்ளியிருக்கிறாள்.

"இந்த நடையிலதான் பள்ளிக்கூடம் போனேன். இந்த நடையப் பாத்துத்தான் எம் மாப்பிள்ளை என்னைக் கட்டுனாரு, பாவம்னு இல்ல, உண்மையிலயே. எம் மவனைத் தூக்கி வளத்தேன். இப்போ ஒரு வருசமா முட்டு தாங்க மாட்டேங்கு. நல்ல காலும் தளர்ந்து போச்சு. டாக்டரு வண்டி வாங்கச் சொல்லுதாரு, சக்கர வண்டி." குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த சிஸ்டரம்மா என்னமோ சொன்னாவளாமே. எங்க ஆத்தா சாவுத வரைக்கும் அவியள ஏசுவா. ஏசிட்டு அழுவா. என்ன சொன்னாவ முத்தக்கா?"

மென்று விழுங்கி எதையாவது சொல்லியிருக்கலாம். அப்படியே சொன்னேன். இது நடை இல்லை என்று சொன்னார். முட்டு ஒருநாள் போய்விடும் என்று சொன்னார். கொஞ்ச காலம் கேட்டார், கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கே தெரியாது.

செல்வி தலையாட்டினாள். "படுத்தே கெடந்திருந்தா?"

"அதுவும் தெரியாது."

உள்ளே அழைத்தார்கள். அந்தச் சின்னப் பெண் செல்வியின் காலைக் கட்டிலில் நீட்டி வைத்தாள். முன்தொடை இருக்க வேண்டிய இடத்தில் துணி தொளதொளவென்று தாழ்ந்து கிடந்தது. பெண் தொட்டியிலிருந்து பை எடுக்கத் திரும்பினாள். செல்வி என்னைப் பார்த்து, "அவிய விரல் வைப்பாவல்லா, எங்க வைப்பாவ?" என்றாள்.

மண்டியிட என் முழங்கால் விடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முட்டிச் சில்லுக்குக் கீழே விரல் நுனியை வைத்தேன். இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ தூக்காண்டாம். இந்த இடத்தை நினை. அது போதும்."

செல்வி கண்ணை மூடினாள். சின்னப் பெண் பையை இடுக்கியில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விரலுக்குக் கீழே தோல் இருந்தது, எலும்பு இருந்தது.

"அசைஞ்சுதா முத்தக்கா?"

"இல்ல மக்களே. அசையல."

"எனக்கும் தெரிஞ்சுது" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. "ஆனா விரலை எடுத்துராதிய."